நீச்சல் வீரர் சச்சின் நாக்

ஆசிய விளையாட்டுக்களில் இந்திய நாடு பெற்ற முதற் பொற்பதக்கம் எதனால் வந்தது என்று நம் மாணவரை வினவினால், ஓட்டத்தால் என்பார் சிலர். மற்போரால் என்பார் சிலர். அஃது ஓட்டத்தால் வந்ததன்று, மற்போரால் வந்ததுமன்று, நீச்சலால் வந்தது. அதனை ஈட்டியவர் சச்சின் நாக் என்னும் பெரியார். வங்க நாட்டார் நன்கறிந்த இவர்தம் வரலாற்றைத் தமிழர் அறிந்தது மிகக் குறைவு. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

சச்சினார் 1920-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் நாள் காசிமாநகரிற் பிறந்தனர். கங்கைக் கரையிற் பிறந்த சிறுவனுக்கு நீந்தக் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் வேண்டுமோ? இவருடைய பத்தாம் வயதில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்கி வருகின்றது. அது 1930-ஆம் ஆண்டு. உப்புச் சத்தியாக்கிரகத்தால் நாடு முழுதும் கொதித்தெழுந்த காலம். கங்கைத் துறையிற் கூடியிருந்த மக்களைப் போலீஸார் தடிகொண்டு கலைக்க முற்பட்டனர். ஓட வழி காணாத சிறுவர் ஆற்றிற் குதித்தார். அவ்வேளையில் அவ்வாற்றில் 10 கிலோமீட்டர் நீச்சற் பந்தயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கரைக்கு மீள அஞ்சிப் பந்தயக்காரருடன் கலந்து நீந்திய இவர், முடிவில் மூன்றாமவராகக் கரையேறினராம். இதனுள் மிகையுரை சிறிது கலந்திருத்தல் கூடும். எனினும் இதனைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

காசியில் இவரது திறங்கண்ட ஜாமினி தாஸ் என்னும் பயிற்சியாளர் இவரைக் கல்கத்தாவிற்கு அழைத்துச் சென்று, ஹாட்கோலா சங்கத்தில் பழகச் செய்தனர். இங்கு ஒன்று சொல்லுதல் வேண்டும். நீருக்கு அஞ்சாமை வேறு, பந்தயத்தில் நீந்துதல் வேறு. நம் கருங்குழிப் பக்கத்துச் சிறுவர் இடுப்பிற் கயிறு கட்டி வயற்கிணற்றில் இறக்கப்பெற்றே நீச்சல் கற்கின்றனர். கற்ற சில நாளிலேயே கிணற்று மேட்டினின்றும் தலைகீழாய்ப் பாய்கின்றனர். மதுராந்தகம் ஏரி நிரம்பிய ஆண்டுகளில் அவர்களைக் கரையில் நிறுத்தி வைத்தல் பெற்றோர்க்குப் பெரும்பாடு. மாமல்லபுரத்து மீனவச் சிறுவரோ அலையைப் பிளந்து செல்வதை விளையாட்டாகவே கருதுவர். ஆயினும் 100 மீட்டர் தூரத்தை இத்தனை வினாடியிற் கடந்தேன் என்று அளந்து சொல்வாரை நாம் அவர்களிடையே கண்டதில்லை. அசையாத நீர், அளந்த நீளம், சுவரை உதைத்துத் திரும்புதல், மூச்சைக் கணக்கிட்டு விடுதல் என்னும் இவை தனியொரு கல்வி. கங்கை தந்த துணிவோடு இக்கல்வியையும் சச்சினார் ஜாமினி தாஸிடம் பெற்றனர்.

சில ஆண்டுகளில் வங்கத்திலும் பிற மாகாணங்களிலும் குறுந்தூர நீச்சலில் இவருக்கு நிகராவார் அரியராயினர். ஆனாற் காலம் இவருக்குப் பகையாய் நின்றது. உலகப் போரினால் 1940-இலும் 1944-இலும் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. நீந்துவோனுக்கு இருபது வயதும் இருபத்து நான்கு வயதும் எத்தகையன என்பதை விளையாட்டறிந்தார் அறிவர். சச்சினாருடைய அவ்வயதுகள் இரண்டும் அவ்வாறே கழிந்தன.

அதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 1947-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வகுப்புக் கலவரம் மூண்டிருந்த நாளில், வழிச்சென்ற இவருடைய வலக்காலில் துப்பாக்கிக் குண்டு ஒன்று பாய்ந்தது. எவர் சுட்டார், எவரைக் குறித்துச் சுட்டார் என்று ஆராய்ந்து பயன் என்னை? அந்நாட்களில் அந்நகரில் மாண்டார் பலர், இவர் பிழைத்தார். மருத்துவர்கள், இரண்டாண்டு செல்லுமுன் மீண்டும் நீந்துதல் இயலாது என்று கூறினர். லண்டன் மாநகரில் ஒலிம்பிக் நடைபெற ஓராண்டே எஞ்சியிருந்தது. சச்சினார் வைத்தியசாலையினின்றும் மீண்டு ஜாமினி தாஸின் துணையோடு மறுபடியும் நீரில் இறங்கினர். நீந்துவோனுக்குக் கால் உந்துவிசைக்கும் சமநிலைக்கும் துணையாவது. சுவரை உதைத்துத் திரும்புவதும் அதனாலேயே. புண்பட்ட அக்காலை நாடோறும் நீரிலிட்டு அடித்துப் பழகினர் என்பதை எண்ணுங்கால், பிற்காலத்துப் பொற்பதக்கத்தினும் இம்மாதங்களே நமக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன.

பயணத்திற்குப் பொருள் வேண்டியிருந்தது. அதன்பொருட்டு வங்கத்துப் பெரும் பாடகர் ஹேமந்த முகர்ஜி இசைக் கச்சேரிகள் நடத்தி உதவினார் என்பர். 1948-இல் லண்டனில் இவர் 100 மீட்டர் நீச்சலிலும், வாட்டர் போலோ என்னும் நீர்ப்பந்தாட்டத்திலும் கலந்துகொண்டனர். நீச்சலில் முதற்சுற்றைக் கடந்திலர். பந்தாட்டத்தில் இந்தியர் சிலி நாட்டாரை வென்றனர். அவ்வெற்றியிற் பெரும்பங்கு இவருடையதே. நாடு விடுதலையுற்ற மறு ஆண்டில், குண்டு துளைத்த காலோடு, அந்நாட்டின் பெயரால் இவர் நீந்தினர்.

1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள் முதல் 11-ஆம் நாள் வரை டில்லிமாநகரில் முதல் ஆசிய விளையாட்டுக்கள் நடைபெற்றன. 11 நாட்டார் வந்து கூடினர். நீச்சலிற் சிங்கப்பூரைச் சேர்ந்த நியோ சுவீ கோக் என்பார் 400, 800, 1500 மீட்டர்ப் பந்தயங்களை ஒன்றன்பின் ஒன்றாக வென்றதோடு, தொடர் நீச்சலிலும் பொன் பெற்றனர். அத்தகையார் வந்திருந்த களத்தில், நீந்துவோன் தன் விருப்பம்போல் நீந்தும் பிரீஸ்டைல் முறையில் ஆடவர்க்குரிய 100 மீட்டர்ப் பந்தயத்தைச் சச்சினார் 1 நிமிடம் 4.7 வினாடியில் முடித்து முதல்வராயினர். அப்பொழுது இவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. பார்த்திருந்த பிரதமர் நேரு இவரைத் தழுவிக்கொண்டு, தம் சட்டையில் அணிந்திருந்த ரோஜா மலரை அளித்தனர் என்று கூறுவர். தொடர் நீச்சல்கள் இரண்டில் வெண்கலமும் இவருக்குக் கிடைத்தது.

உண்மையை மறைத்துப் புகழ்தல் நமக்கு உடன்பாடன்று. 1948-இல் லண்டனில் இதே தூரத்தை அமெரிக்கரான வால்டர் ரிஸ் 57.3 வினாடியிற் கடந்திருந்தார். உலகத் தரத்தோடு ஒப்பிட, சச்சினாரின் வேகம் பெரிதன்று. ஆயினும் அவ்வேழு வினாடிக் குறைவைச் சுட்டுவோர், இழந்த ஒலிம்பிக் இரண்டையும் காலிற் பாய்ந்த குண்டையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும்.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இவர் நீர்ப்பந்தாட்டக் குழுவிற் சென்றனர். வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்று இன்று நாம் வியந்து காணும் முறை, இவர் காலத்தில் மார்பு நீச்சலோடு கலந்தே கிடந்தது. இரு கைகளையும் ஒருங்கே நீர்மேல் வீசி, கால்களை இணைத்து மீன்வாலென அடித்துச் செல்லும் அக்கடிய முறை, 1956-இல் மெல்போர்னிலேயே ஒலிம்பிக்கில் தனிப் பந்தயமாயிற்று. இதனை நாம் குறிப்பதற்குக் காரணம் உண்டு. சச்சினாருக்குப் பின்னர் 35 ஆண்டு வரை ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியர் எப்பதக்கமும் பெற்றிலர். 1986-இல் சியோல் நகரில் கஜான் சிங் என்பார் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெள்ளி பெற்று அக்குறையை நீக்கினார். பின்னர் 2010-இல் குவாங்சோவில் வீர்தவல் காடே 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெண்கலம் பெற்றார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த விளையாட்டுக்கள் வரையிலும் நீச்சலில் இன்னொரு பொன் நம் நாட்டிற்கு வரவில்லை.

தாம் வென்றதோடு சச்சினார் அமைந்திலர். ஹாட்கோலாச் சங்கத்து நீரில் விளையாடிய சிறுமி ஒருத்தியின் திறத்தைக் கண்டு பயிற்சியளித்தவர் இவரே. அச்சிறுமி ஆரதி சாஹா. 1952-இல் ஒலிம்பிக் சென்றபொழுது அவருக்கு வயது 11. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, ஆசியப் பெண்டிருள் அதனைச் செய்த முதல்வர் ஆயினர்.

சச்சினார் 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள் காலமாயினர். கஜான் சிங்கின் வெள்ளிப் பதக்கத்தைக் கேள்வியுறும் அளவு வாழ்ந்திருந்தார் என்பது நமக்கு ஓர் ஆறுதல். விளையாட்டு வீரர்க்கு அர்ஜுனா விருது 1961 முதல் வழங்கப்பட்டு வந்தும், அஃது இவரை நாடி வரவில்லை. 2020-ஆம் ஆண்டில் தியான்சந்த் விருது இவர் பெயர்க்கு அளிக்கப்பட்டது. அப்பொழுது இவர் பிறந்து 100 ஆண்டு நிறைந்திருந்தது. மறைந்து 33 ஆண்டு சென்றிருந்தது.