காருகுறிச்சி அருணாசலம்: கரிசல் மண்ணில் வாழ்ந்த நாதஸ்வர மேதை கடைசிவரை மாணவராக இருந்தது ஏன்?

‘சிங்கார வேலனே தேவா’ பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. 1962-ல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் நாதஸ்வரம் வாசிப்பது போல ஜெமினி கணேசன் நடித்திருப்பார். பாட்டில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டிபோடும் அந்த நாதஸ்வரம் யாருடையது? கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்துடையது.

யார் இவர்?

1921-ல் நெல்லைச் சீமையில், சேரன்மகாதேவி பக்கத்தில் உள்ள காருகுறிச்சியில் பிறந்தார். அந்தக் காலத்தில் நாதஸ்வரம் என்றாலே தஞ்சாவூர்தான். திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை அந்த உலகத்தின் சக்கரவர்த்தி. காவிரிக்கரை வித்வான்கள் கோலோச்சிய மேடையில் ஒரு தாமிரபரணிக்கரைப் பையன் இடம்பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அருணாசலம் அந்த ராஜரத்தினம் பிள்ளைக்கே சீடரானார்.

நாதஸ்வரம் அவ்வளவு கஷ்டமா?

பியானோவில் கட்டையை அழுத்தினால் அதற்குரிய ஸ்வரம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் அப்படி இல்லை. விரல் வைக்க ஏழே துளைகள். இரண்டரை ஸ்தாயியையும் அதற்குள்தான் எடுக்க வேண்டும். ஒரே துளையில் ஸ்வரத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, இறக்குவது, கமகம் கொடுப்பது எல்லாம் மூச்சும் உதடும் செய்கிற வேலை. நாணலில் செய்த சீவாளி கொஞ்சம் காய்ந்தாலும் சுருதி கெட்டுப்போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உருவான வாத்தியம் இது. இதில் சத்தமாக வாசிப்பது சுலபம். குழைவாக, பாடுகிற மாதிரி வாசிப்பதுதான் கஷ்டம். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. வாழ்நாள் முழுக்கச் சாதகம் பண்ண வேண்டியதுதான்.

எப்படிக் கற்றார்?

அவர் பயின்றது மேடையில். குருவுக்குப் பக்கத்தில் நின்று ரெண்டாவது நாதஸ்வரம் வாசித்தார். ராஜரத்தினம் பிள்ளை தோடியை எந்தப் பக்கம் திருப்புவார் என்று யாருக்கும் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு அந்த நிமிஷமே பின்தொடர வேண்டும். சறுக்கினால் ஊரே கேட்கும். வேறெந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

கோவில்பட்டி என்ன கொடுத்தது?

பருத்தியும் கம்பும் விளையும், மழைக்கு ஏங்கும் கரிசல் பூமி. ஆனால் இசைக்கு அங்கே பஞ்சமில்லை. கீர்த்தனையே இல்லாமல் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடக்கூடிய விளாத்திகுளம் சுவாமிகள் அந்த வட்டாரத்துக்காரர். பேர் வாங்கிய பிறகும் அருணாசலம் அவரைக் குருவாக மதித்தார். பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இதே இசை வட்டத்தில் இருந்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவாமிகள் நாதஸ்வரக்காரர் இல்லை, பாடகர். வாத்தியத்தைப் பாட வைக்க நினைத்த அருணாசலத்துக்கு, வாய்ப்பாட்டைக் கேட்பதும் படிப்புதான்.

அந்தப் பாட்டில் என்ன விசேஷம்?

ஆபேரி ராகம், எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசை. ஹெட்போன் போட்டு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. ஜானகி ஸ்வரம் பாட, நாதஸ்வரம் பதில் சொல்லும். எந்த இடத்திலும் அது குரலை அமுக்காது. குரலின் குழைவை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஊரைக் கூட்டுகிற வாத்தியம், ஒரு பெண் குரலோடு சமமாகப் பேசுகிறது. இத்தனை வருஷ உழைப்புக்குக் கிடைத்த பலன் அது.

பிறகு?

1956-ல் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். அப்போது அருணாசலத்துக்கு 35 வயது. குருவின் பாணி இனி இவரிடம்தான் என்று ரசிகர்கள் நம்பினார்கள். படம் வெளியாகி நாடு முழுக்கப் பேர் பரவிய இரண்டே வருஷத்தில், 1964-ல், அவரும் போய்ச் சேர்ந்தார். 43 வயதுகூட முழுசாக நிறையவில்லை. அவர் குருவாக மதித்த விளாத்திகுளம் சுவாமிகள் அதற்கு அடுத்த ஆண்டுதான் மறைந்தார்.

கோவில்பட்டியில் அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. வாசிப்பைக் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். கையில் இருக்கிற போனே போதும்.