அரண்மனைக்காரன் தெருவில் ஓர் ஆர்மீனிய இதழாளர்

காஞ்சி மக்களுக்கு 1794ஆம் ஆண்டு லயனல் பிளேஸ் துரையால் நினைவில் நிற்பது. செங்கற்பட்டுச் சாகீரின் ஆட்சியராக அவ்வாண்டில் பொறுப்பேற்ற அவர், வரதராசப் பெருமாளுக்கு அணிகலன் அளித்தவர். அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், இங்கிருந்து நாற்பத்தைந்து கல் தொலைவிலுள்ள சென்னைப் பட்டினத்தில் வேறொரு செயல் நிகழ்ந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் அன்று பிறந்தது. அதனை எழுதி, அச்சேற்றி, வெளியிட்டவர் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்னும் கிறித்தவக் குரு.

பாரசீகத்தின் ஷீராஸ் நகரில் 1750இல் பிறந்தவர் அவர். சாதியும் ஹாபிசும் பாடிய ஊர் அது. ஆர்மீனியத் திருச்சபையில் குருமார் இல்லறத்தாராகவும் இருக்கலாம். ஷ்மாவோனியனுக்கும் இரு புதல்வர் இருந்தனர். ஒரே கிழமைக்குள் இருவரையும் அவர் இழந்தார். அத்துயரைத் தாங்க மாட்டாது ஊரினின்றும் ஒதுங்கி, ஏழாண்டுக் காலம் பாரசீகத் துறவியரோடு தங்கி, அவர்தம் மொழியையும் இலக்கியத்தையும் கற்றார். துயருற்றவர் பலர் நூலைத் துறப்பர். இவர் நூலுக்குள் புகுந்தார். பிற்காலத்தில் அவர் அச்சுத்தொழிலில் காட்டிய அயராமைக்கு வேர் அவ்வேழாண்டுகளிலேயே இருந்தது எனக் கொள்ளலாம்.

1784இல் அவர் சென்னைத் திருச்சபைக்குக் குருவாக வந்தார். ஐதர் அலியின் படைகளும் கும்பினியின் படைகளும் மாறி மாறி மிதித்த தொண்டை மண்டலம் அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. 1780இல் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரின் வடு ஆறவில்லை. தறிகள் பல ஓய்ந்திருந்தன. சோழமண்டலக் கரையின் துணியையும் மணிக்கற்களையும் வாங்கிக் கடல்கடந்து விற்ற ஆர்மீனிய வணிகர் கைகளிலும் முன்போல் பொருள் புழங்கவில்லை. கும்பினி அவர்கள் வாணிகத்தைச் சிறிது சிறிதாகத் தன்வயப்படுத்திக்கொண்டிருந்தது. சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டுவித்த கோஜா பெத்ரூஸ் உஸ்கானின் காலத்துச் செழிப்பு அன்று பழங்கதையாகியிருந்தது.

அவர்களது தாய்நாடோ துருக்கியப் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் இடையே பிளவுண்டு கிடந்தது. தன்னாட்சி பற்றி ஆர்மீனியர் உரக்கச் சிந்தித்த இடம் சென்னை என்பது வியப்புக்குரியது. ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் இங்கே அச்சகம் நிறுவினார். அதில் 1772இல் வெளிவந்த ஓர் எழுச்சி நூலைத் தலைமைக்குரு சிமியோன் எரிக்கப் பணித்தார். அடிமைப்பட்ட நாட்டுக்கு மன்னனில்லா ஆட்சியைக் கனவுகண்ட அரசியலமைப்பு நூலும் அவ்வச்சகத்தின் வெளியீடே. அந்நூல்களின் சூடு தணியாத ஊருக்கு, அதே திருச்சபையின் குருவாக ஷ்மாவோனியன் வந்து சேர்ந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

1789இல் அவர் தமக்கென ஓர் அச்சகம் அமைத்தார். எழுத்துகளை அவரே வார்த்துக்கொண்டார். ஆர்க்காட்டு நவாபு வாலாஜா முகமது அலி, அரபு, பாரசீக நூல்களை அச்சிடவும் அவருக்கு இசைவளித்தார்.

ஐந்தாண்டுகள் கழித்து அஸ்தரார் வெளிவந்தது. அச்சொல்லுக்குச் செய்தி அறிவிப்போன் என்பது பொருள். திங்கள்தோறும் வந்த அவ்விதழில் ஐரோப்பியச் செய்திகள், கப்பல்களின் வரவு, சரக்குகளின் விலை, ஆர்மீனியர் வாழ்வுச் செய்திகள், வரலாறு, இலக்கியம் யாவும் இடம்பெற்றன. கோயிலில் மறையோதிய கை மாலையில் சரக்கின் விலையைக் கோத்தது. இதில் முரண் ஏதும் இல்லை. அவர்தம் மக்கள் வணிகர்.

மொழியில்தான் அவருக்குப் பெருஞ்சிக்கல் எழுந்திருக்க வேண்டும். ஆர்மீனியத்தின் பழைய இலக்கிய நடை கற்றோர்க்கே விளங்குவது. வீட்டிலும் கடையிலும் வழங்கிய பேச்சோ ஏட்டில் ஏறாதது. முன்னதில் மட்டும் எழுதினால் படிப்போர் இல்லை. பின்னதில் மட்டும் எழுதினால் மதிப்போர் இல்லை. அவர் இரண்டையும் கலந்தார். செந்தமிழுக்கும் வழக்குத் தமிழுக்கும் இடையே நம்மவர் பின்னாளில் பட்ட பாட்டை, தமிழ் மண்ணிலேயே ஓர் ஆர்மீனியர் முன்னரே பட்டார். முதல் தமிழ் இதழெனப் பலரும் சுட்டும் தமிழ் மேகசின் அதற்கு 37 ஆண்டுகள் கழித்து, 1831இல்தான் வந்தது.

கும்பினியின் கண்ணும் அச்சகங்கள்மேல் பதிந்திருந்தது. 1795இல் சென்னையில் செய்தித்தாள் தணிக்கை தலைகாட்டியது. இசைவின்றி இந்தியா எரால்டு தொடங்கிய ஹம்ப்ரீஸ் என்னும் ஆங்கிலேயரே நாடுகடத்தல் ஆணைக்கு ஆளானார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரசீக மன்னர் ஆகா முகமது கான் திபிலீசியைச் சூறையாடினார். ஆர்மீனியப் பெருங்கவிஞர் சயாத் நோவா அப்படையெடுப்பில் மாண்டார் என்பர். எங்கோ தம்மினம் மடிந்துகொண்டிருக்க, இங்கே ஒரு சிறு அறையில் எழுத்துக் கோத்தல் தொடர்ந்தது.

அஸ்தராருக்கு வாய்த்த சந்தாதாரர் 28 பேர். சிற்றிதழ் நடத்தியோர் இவ்வெண்ணைக் கண்டு நகைக்கமாட்டார்கள். தாளுக்கும் மைக்கும் அது கட்டுபடியாகாது. ஆயினும் ஒரு திங்களும் தவறாது 18 இதழ்கள் வெளிவந்தன. 1796 மார்ச்சோடு இதழ் நின்றது.

அதன்பின் 28 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். சந்தாதாரர் எண்ணிக்கையும் அதுவே என்பது தற்செயல். குருப்பணியைக் கைவிடவில்லை, ஊரையும் விட்டு அகலவில்லை. ஆர்மீனிய இதழியலின் தந்தை என்ற பெயர் பிற்காலத்தார் சூட்டியது. 1824 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையிலேயே மறைந்தார்.

1772இல் எழுந்த ஆர்மீனியக் கோயில் வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு வழிபட ஆர்மீனியக் குடும்பங்கள் இன்று சென்னையில் இல்லை எனலாம். கொல்கத்தாவிலிருந்து கோயில் பேணப்படுகிறது. ஆர்மீனியன் என்ற சொல் தமிழர் நாவில் அரண்மனைக்காரன் எனத் திரிந்தது. அரண்மனை ஏதுமில்லாத அத்தெருவில், ஆறு மணிகள் தொங்கும் கோபுரத்தை உடைய கோயிலின் முற்றத்தில், பெயர் பொறித்த கற்களிடையே அவர் கல்லும் கிடக்கிறது.