மனநோயாளிகளுக்காக ஊர் ஊராக அலைந்த ஆசிரியை

1841-ம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கிழக்கு கேம்பிரிட்ஜ் ஜெயிலுக்கு ஓர் ஆசிரியை சென்றார். பெண் கைதிகளுக்கு வேதபாடம் நடத்துவதற்காக வந்த அவருடைய பெயர் டொரோதியா டிக்ஸ். வயது 38.

பாடம் முடிந்ததும் ஜெயிலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாத சில பெண்கள் அங்கே அடைக்கப்பட்டு இருந்தார்கள். சித்தம் கலங்கியதுதான் அவர்கள் செய்த குற்றம்! வெளியே கடுங்குளிர். அவர்களுடைய அறையில் கணப்பு இல்லை. புத்தி பேதலித்தவர்களுக்குக் குளிர் உறைக்காது என்பது அன்று பலருடைய எண்ணம்.

டொரோதியா கோர்ட்டு வரை போனார். அறைக்குக் கணப்பு வந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

பாட்டி வீட்டில்

டொரோதியா 1802 ஏப்ரல் 4-ந்தேதி ஹாம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஊர் சுற்றும் மதபோதகர்; குடிப்பழக்கம் உள்ளவர். தாயார் நோயாளி. 12 வயதில் டொரோதியா பாஸ்டனில் உள்ள பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 14 வயதிலேயே குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். திருமணம் செய்து கொள்ளவில்லை. 1836-ல் உடல்நலம் முறிந்தது. இங்கிலாந்தில் நண்பர் வீட்டில் தங்கித் தேறினார். நோயின் அருமையும் பணிவிடையின் அருமையும் அவருக்கு அனுபவப் பாடம்.

சட்டசபைக்கு மனு

ஜெயிலில் கண்ட காட்சி அவரைத் தூங்கவிடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் சுற்றினார். ஜெயில்கள், ஏழை விடுதிகள் எதையும் விடவில்லை. கூண்டிலும், நிலவறையிலும், தொழுவத்திலும் மனநோயாளிகள் கிடந்தார்கள். சிலருக்குச் சங்கிலி, சிலருக்கு அடி. கண்டதை எல்லாம் ஊர்ப் பெயரோடு எழுதி வைத்தார்.

1843 ஜனவரியில் அது மனுவாகச் சட்டசபைக்குப் போனது. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம் அது. எனவே டாக்டர் சாமுவேல் ஹோவ் என்ற நண்பர் அதைச் சபையில் சமர்ப்பித்தார். ஊர் அதிகாரிகள் கொதித்து எழுந்தார்கள். எல்லாம் பொய் என்றார்கள். ஆனாலும் வூஸ்டர் மனநோய் ஆஸ்பத்திரியை விரிவுபடுத்த சட்டசபை சம்மதித்தது.

பிறகு மாநிலம் மாநிலமாகப் பயணம். நியூஜெர்சியில் டிரெண்டன் ஆஸ்பத்திரி 1848-ல் திறக்கப்பட்டது. அவருடைய முயற்சியால் புதிதாக எழுந்த முதல் ஆஸ்பத்திரி அதுதான்.

நோயாளியின் அருகில்

அதே ஆண்டில் வடக்கு கரோலினாவுக்குச் சென்றார். அங்கே சட்டசபையில் அவருடைய கோரிக்கை தோற்கும் நிலை. அவர் தங்கிய ஓட்டலில் ஜேம்ஸ் டாபின் என்ற சட்டசபை உறுப்பினரின் மனைவி மரணப் படுக்கையில் இருந்தார். டொரோதியா அருகில் இருந்து பணிவிடை செய்தார். அந்த அம்மாள் இறக்கும் முன், டொரோதியாவின் கோரிக்கைக்குத் துணை நிற்குமாறு கணவரிடம் கேட்டுக்கொண்டார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த டாபின் சபையில் உருக்கமாகப் பேசினார். மசோதா நிறைவேறியது.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. மனநோயாளிகள் உள்ளிட்டோரின் பராமரிப்புக்காக 1 கோடியே 22 லட்சம் ஏக்கர் அரசு நிலத்தை ஒதுக்கும் மசோதா நாடாளுமன்றத்தின் இரு சபைகளிலும் நிறைவேறியது. 1854-ல் ஜனாதிபதி பியர்ஸ் அதை நிராகரித்தார். ஆறு ஆண்டு உழைப்பு வீணானது. மனம் உடைந்த டொரோதியா ஐரோப்பா சென்றார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் மனநோயாளிகளின் நிலையை ஆராய விசாரணைக் கமிஷன் அமையக் காரணமானார்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்கு ராணுவத்தின் நர்சுகளுக்குத் தலைவியாகச் சம்பளம் வாங்காமல் பணியாற்றினார். கண்டிப்பானவர் என்பதால் டாக்டர்களோடு அடிக்கடி மோதல். போர் முடிந்ததும் மீண்டும் மனநோயாளிகளிடமே திரும்பினார்.

கடைசி வீடு

30-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் உருவாகவோ விரிவடையவோ அவர் துணை செய்தார். பிற்காலத்தில் அவற்றில் பலவற்றில் கூட்டம் நிரம்பி வழிந்தது, பராமரிப்பும் கெட்டது. கட்டிடம் மட்டும் போதாது, கவனிக்கும் மனிதர் வேண்டும் என்பதை அது காட்டியது.

1881-ல் தள்ளாத வயதில் டொரோதியா டிரெண்டன் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஓர் இருப்பிடம் ஒதுக்கித் தந்தார்கள். 1887 ஜூலையில், 85-வது வயதில், அங்கேயே கண் மூடினார்.

அவர் டாக்டர் அல்ல; பெரிய பட்டமும் இல்லை. பிறர் முகம் திருப்பிப் போன இடத்தில் நின்று பார்த்தார். சித்தம் கலங்கியவருக்கும் குளிரும் என்று உணர்ந்தார். ஒரு கணப்பில் தொடங்கிய காரியம் ஒரு தேசத்தையே அசைத்தது.