கஜானாவுக்குக் காவல் நின்றவர்

வரலாறு கற்பித்த நாட்களில், பிரித்தானியப் பாராளுமன்றத்தைப் பற்றி மாணவருக்குக் கூற நேர்ந்தபோதெல்லாம் நான் பெரும் நாவலர்களையே எடுத்துரைத்து வந்தேன். சொல்நயம் வாய்க்காத ஒருவரைப் பல ஆண்டுகள் மறந்தே போனேன். அவர்தாம் யோசப் ஹியூம். அப்பிழைக்குக் கழுவாயாகவே இதனை எழுதப் புகுந்தேன்.

ஸ்கொத்லாந்தின் கரையோரப் பட்டினமாகிய மொன்றோசில் 1777ஆம் ஆண்டு ஹியூம் பிறந்தார். கப்பலோட்டியான தந்தை, மகன் சிறுவனாயிருக்கையிலேயே காலமானார். தாயார் பீங்கான் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். மருத்துவம் பயின்ற ஹியூம், கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இந்தியா சென்று இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். மராட்டியப் போரில் மொழிபெயர்ப்பாளராகவும் சம்பளம் வழங்கும் அதிகாரியாகவும் கடமையாற்றிப் பெரும் பொருளுடன் தாயகம் மீண்டார்.

1812இல் அவர் பெற்ற முதல் ஆசனம் விலைக்கு வாங்கியதே. அன்றைய தேர்தல் முறையின் சீர்கேட்டைத் தம் பணப்பையாலேயே அறிந்தவர் அவர். அவ்வாசனம் சில மாதங்களே நிலைத்தது.

1818இல் மீண்டும் சபை புகுந்தபோது, நெப்போலியனுடன் நடந்த போர் நாட்டின்மேல் 80 கோடிப் பவுணுக்கு மேற்பட்ட கடனைச் சுமத்தியிருந்தது. செல்வரைத் தொட்ட வருமான வரி 1816இல் நீங்கிற்று. உப்பு, சவர்க்காரம், மெழுகுதிரி ஆகியவற்றின் மீதான வரிகளோ நீங்கவில்லை. ஏழையின் அடுக்களையே கடனுக்கு வட்டி கட்டியது எனலாம்.

படைச் செலவு, ஓய்வூதியம், வேலையில்லாப் பதவிகளுக்கான சம்பளம் என ஒவ்வொன்றையும் ஹியூம் இரவிரவாகக் கேள்விக்குள்ளாக்கினார். சில வேளை அவர் கணக்கே பிழைத்தது, சபை நகைத்தது. மறுநாளும் அவர் எழுந்தார். தமக்குரிய பணத்திற்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் மக்கள் சபையில் வேரூன்றியமைக்கு இப்பிடிவாதமும் ஒரு காரணம்.

தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடுத்த சட்டங்கள் 1824இல் நீங்க அவர் முன்னின்றார். 1831இல் சீர்திருத்த மசோதா விவாதிக்கப்பட்டபோது, இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் பாராளுமன்றத்தில் பிரதிநிதிகள் வேண்டுமென்றார். அது ஏற்கப்படவில்லை. 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்துக் கிளர்ச்சியை மூட்டி, இராணுவச் சட்டத்தால் அதை அடக்கிய இலங்கைத் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சியைக் கண்டித்தோருள் அவரும் ஒருவர். டொரிங்டன் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார்.

ஆனால் ஹியூமைக் குறையற்றவராக வரைவது நேர்மையாகாது. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைச் சட்டத்தால் வரையறுப்பதை அவர் எதிர்த்தார். கிரேக்க விடுதலைக்கான கடன் பத்திரங்களில் தமக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யக் கோரிப் பழியும் ஏற்றார். பிறர் கணக்கைத் துருவியவரின் கணக்கையும் உலகம் துருவியது, அதுவும் நீதியே.

1855இல் ஹியூம் மறைந்தார். இந்தியத் தேசிய காங்கிரஸ் 1885இல் தோன்ற முன்னின்ற அலன் ஒக்ரேவியன் ஹியூம் அவருடைய மைந்தரே. நாவன்மை நாடாளும் என்று மாணவருக்குப் போதித்த நான், இன்று அதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: சலியாது கேட்கப்படும் கேள்வியும் நாட்டைக் காக்கும்.