எளியவர்களின் உறவினர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிராங்கூன் ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குழு வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறது. தொண்டூழியம் என்று பெயர். உண்மையில் பாதி நேரம் அரட்டைதான். போன மாதம் மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் ஒரு தாளை நீட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி என்றார். ஊரிலேயே அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் அது. ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளம் ஒன்று, தாளில் இருந்தது வேறு. இதற்காக அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டியது இரண்டரை லட்சம் ரூபாய்.

அன்று இரவு எனக்கு சி.எஃப். ஆண்ட்ரூஸ் ஞாபகம் வந்தார். நம் இதழில் ஒரு பாதிரியாரைப் பற்றி ஏன் என்று சிலர் கேட்கலாம். படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆண்ட்ரூஸ் 1871இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, 1904இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே முதல்வர் பதவி ஓர் இந்தியருக்குத்தான் போகவேண்டும் என்று நின்று, சுசீல் குமார் ருத்ரா முதல்வராக வழிவிட்டார். பிறகு தாகூரின் நண்பரானார், சாந்திநிகேதனில் தங்கினார். 1914 ஜனவரியில் கோகலே கேட்டுக்கொண்டபடி தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் துறைமுகத்தில் காந்தி யார் என்று விசாரித்து, குனிந்து அவர் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது பொறுக்கவே இல்லை.

நேட்டாலில்தான் அவர் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு கூலியைப் பார்த்தார். முதுகெல்லாம் தழும்பு. அந்த உருவம் அவரை விடவே இல்லை. 1915இல் காலரா வந்து பிழைத்து, உடம்பு தேறிக்கொண்டிருந்தபோது ஃபிஜித் தீவு பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்தார். அதே ஆண்டு, பியர்சன் என்ற நண்பருடன் ஃபிஜிக்குக் கப்பல் ஏறினார்.

1879 முதல் 1916 வரை 60,000க்கும் அதிகமான இந்தியர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஃபிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் போனது. ஒப்பந்தம் 5 ஆண்டு. இலவசமாக ஊர் திரும்பவேண்டுமென்றால் மொத்தம் 10 ஆண்டு அங்கே இருக்கவேண்டும். பாரதியார் கரும்புத் தோட்டத்திலே என்று பாடியது இந்தப் பெண்களைப் பற்றித்தான். பள்ளியில் அதை மனப்பாடம் செய்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அப்போது ஃபிஜி எங்கே இருக்கிறது என்றுகூட நான் வரைபடத்தில் பார்க்கவில்லை.

ஆண்ட்ரூஸ் முதலில் பார்த்தது சவுக்கடியை அல்ல, காகிதத்தை. தினம் 12 அணா கூலி என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். நம் ஊர்க் கணக்கில் அது பெரிய தொகை. ஆனால் ஃபிஜியில் அரிசி, பருப்பு என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை. ஃபிஜி கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊர் என்று நம்பி ஏறியவர்களும் உண்டு. வேலைக்கு வராவிட்டால் அபராதம், சிறை. இந்த விஷயம் மட்டும் கையெழுத்து வாங்கிய தாளில் இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று சட்டம் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை நிரப்ப, க்ஷேத்திரங்களுக்கு வந்து துணையைத் தவறவிட்ட பெண்களைக்கூட ஆள்பிடிப்பவர்கள் பேசி மயக்கி அழைத்துப்போனார்கள். சாமி கும்பிடப் போன இடத்தில்! அங்கே போனால் கூலி லைன் என்ற வரிசை வீடுகள். மூன்று ஆண்களுக்கு 10 அடிக்கு 7 அடியில் ஓர் அறை. தற்கொலைகளும் கொலைகளும் இந்தியாவில் இருப்பதைவிடப் பல மடங்கு.

1916இல் அறிக்கை வெளிவந்தது. கூலிகள் விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் அதுவரை முதலாளிகளின் பதில். ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்று அந்த அறிக்கை காட்டியது. மார்ச் மாதம் மாளவியா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஒப்புக்கொண்டார். இன்னும் 5 ஆண்டு இழுத்தடிக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்ட்ரூஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1917இல் ஆள் சேர்ப்பது நின்றது. அவர் மறுபடி ஃபிஜி போனார். 1920 ஜனவரி 1ஆம் தேதி அங்கே மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. மக்கள் அவரை தீனபந்து என்று கூப்பிட்டார்கள், எளியவர்களின் உறவினர் என்று அர்த்தம். 1940 ஏப்ரல் 5இல் கல்கத்தாவில் காலமானார்.

சிங்கப்பூரில் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2015 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. வங்கதேசத்துப் பெண்கள் மூவரை நடனமாட அழைத்துவந்து கொடுமைப்படுத்திய ஒரு கணவன் மனைவிக்கு 2020இல் ஐந்தரை ஆண்டு சிறை கிடைத்தது. மன்னார்குடி அண்ணன் கதை சட்டப்படி கடத்தல் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த 12 அணாவும் இந்தத் தாளும் ஒரே சாதி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் தலைப்பாகை கட்டிய கொள்ளுத்தாத்தா படம் மாட்டியிருக்கிறது. ஜோகூர் ரப்பர் தோட்டத்தில் கங்காணி. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி 1910இல் நின்ற பிறகு கங்காணிகள்தான் சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையே பேசிக் கூட்டிவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். தாத்தா ஊருக்கு என்ன சொல்லி ஆள் கூட்டிவந்தார் என்று அப்பாவிடம் கேட்டேன். பஞ்சத்தில் கிடந்தவங்களுக்குச் சோறு போட்டவர்டா அவர் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். படத்தை இப்போது நின்று பார்க்கிறேன், முன்பெல்லாம் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணனிடம் அந்த ஏஜெண்டு யார் என்று கேட்டேன். புகார் கொடுக்க மனிதவள அமைச்சுக்குக் கூட வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏஜெண்டு வேறு யாரும் இல்லையாம், அவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த மாமாதான் முன்னால் நின்று சீர் செய்யவேண்டுமாம்.