நூற்றுப் பன்னிரண்டு அடி மனு: இரட்டைமலை சீனிவாசனும் நம் இளைஞர்களும்

உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வாரின் கதை திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் வளர்ந்த எவருக்கும் தெரிந்ததே. பாணர் குலத்தவர் ஆகையால் அவர் தீவுக்குள் கால் வைக்கவில்லை. காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார். நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னபோது, பாட்டில் தம்மை மறந்திருந்த அவர் செவியில் அது விழவில்லை. முனிவர் கல்லெறிந்தார், குருதி வழிந்தது. பின்னர் இறைவன் கட்டளைப்படி அதே முனிவர் அவரைத் தம் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு சென்றார் என்றும், அங்கே அவர் இறைவனோடு கலந்து மறைந்தார் என்றும் கதை முடிகிறது. இக்கதையைச் சமத்துவத்திற்குச் சான்றாக மேடைகளில் எடுத்துரைப்போர் பலர். ஆனால் அவர் தம் காலால் நடந்து உள்ளே செல்லவில்லை. உள்ளே சென்றவர் திரும்பி வரவுமில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய சேரியிலிருந்து வேறு எவரும் அவ்வழியே நடந்ததாகவும் கதை கூறவில்லை.

அண்மையில் காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில், கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் சிலருடன் ஒரு மாலைப் பொழுது பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுள் பெரும்பாலோர் முதன்முறை வாக்காளர்கள். அரசியல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் தோன்றியது வெறுப்புகூட அன்று, சலிப்பு. தேர்தலுக்குத் தேர்தல் தங்கள் தெருவிற்கு வண்டிகள் வருவதையும், மற்ற நாள்களில் மனு கொடுக்கச் சென்றால் வாசலிலேயே நிற்க வேண்டியிருப்பதையும் கூறினார்கள். சட்டமன்றத்தில் நடக்கும் பேச்சுக்கும் தங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று ஒரு மாணவி கேட்டார். அக்கேள்விக்கு விடையாக நான் அன்று கூறியது ஒருவருடைய வாழ்க்கையை. அவர் இவ்வூரினர் அல்லர். அவர் பேசியது பெரும்பாலும் சென்னையிலும் இலண்டனிலும். ஆயினும் அவர் செய்த ஒரு செயல் இந்த ஊர்களின் வீதி வரைக்கும், கிணறு வரைக்கும் வந்து சேர்ந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1859இல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். கோயம்புத்தூரில் பயின்றார். அவர் படித்த காலத்தில் அங்கே தாழ்த்தப்பட்ட மாணவர்கள் மிகச் சிலரே. தம் சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு ஓடியாடி விளையாடவும் அஞ்சி ஒதுங்கியிருந்ததை முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். படிப்பை முடித்து நீலகிரியில் ஆங்கிலேய நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். அக்காலத்தில் நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாச பண்டிதர் அவருடைய சகோதரியின் கணவர். அக்குடும்பத்திற்குள்ளேயே சமயம் குறித்தும் விடுதலை குறித்தும் எவ்வளவு மாறுபட்ட கருத்துகள் நிலவின என்பது தனிக்கட்டுரைக்கு உரிய செய்தி.

1890இல் சென்னைக்கு வந்தவர், அடுத்த ஆண்டிலேயே பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் பெயரில் இதழ் தொடங்கினார். நான்கு பக்கங்கள், விலை இரண்டணா. பிறர் இழிவாக உச்சரித்த சொல்லையே இதழின் தலைப்பாக அச்சிட்ட துணிவை இன்றும் எண்ணி வியக்கலாம். தம் பெயரை மறைத்துக்கொண்டு முன்னேறியவனால் தன் இனத்தாருக்கு ஒன்றும் செய்ய இயலாது என்பது அவர் கருத்து. மாத இதழாகத் தொடங்கியது சில மாதங்களில் வார இதழாயிற்று. 1896இல் வாசகர் கடிதம் ஒன்றின் பொருட்டு அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டார். அதன் பின்னரும் 1900 வரை இதழ் வெளிவந்தது.

இளைஞர்களிடம் நான் விரித்துரைத்தது இதழைப் பற்றியன்று, அதே ஆண்டில் அவர் திரட்டிய மனுவைப் பற்றி. இந்தியாவை ஆண்ட சிவில் பணி அதிகாரிகளுக்கான தேர்வு அப்போது இலண்டனில் மட்டுமே நடந்தது. அதனை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாடெங்கும் படித்தவர்கள் கொண்டாடிய செய்தி அது. சீனிவாசன் வேறொரு கேள்வியை எழுப்பினார். பள்ளிக்குள் நுழையவே வழியில்லாத மக்கள் இருக்கும் நாட்டில், இத்தேர்வை யார் எழுதுவார்கள்? வெற்றி பெறுபவர் ஆட்சியராக வந்து அமரும்போது சேரியின் வழக்கு எவர் முன்னால் செல்லும்? டிசம்பர் 23 அன்று சென்னையில் வெஸ்லியன் மிஷன் வளாகத்தில் கூட்டம் கூட்டப்பட்டது. 3,412 பேர் கையொப்பமிட்ட மனு உருவாயிற்று. அதன் நீளம் 112 அடி. நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செஸ்னி வாயிலாக அது இலண்டனுக்குச் சென்றது.

இந்நிலைப்பாட்டிற்காக அவரை வெள்ளையர் ஆதரவாளர் என்று ஒதுக்கியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்நிய ஆட்சி நீடிப்பதால் தம் மக்களுக்கு நன்மை விளையும் என்று அவர் கொண்ட நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்று நாமும் கேட்கலாம். பண்ணையாள் முறையைத் தாங்கி நின்ற நில வரி அமைப்பு அதே ஆட்சியினுடையது அல்லவா? ஆனால் அந்த மனுவின் பயன் அதன் முடிவில் மட்டும் இல்லை. தேசியம் என்ற பெயரில் ஒரு கோரிக்கை எழும்போது அதில் தங்கள் இடம் எது என்று கேட்க, வாக்குரிமை இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எளிய மக்கள் கையொப்பமிட்டனர். அவர்களை எந்தக் கட்சியும் அழைத்திருக்கவில்லை. எந்தச் சட்டமும் அவர்களைக் குடிமக்கள் என்று கூறியிருக்கவில்லை.

1900இல் இலண்டன் செல்லப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே கழிந்தன. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார், காந்தியுடனும் பழகினார். அவர் திரும்பி வந்தபோது சென்னை மாகாணம் மாறியிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டமன்றம் அமைந்திருந்தது. எனினும் சொத்தும் வரியும் உடையவருக்கே வாக்குரிமை என்பதால், தாழ்த்தப்பட்டோர் நியமனத்தின் வழியே மட்டும் அவைக்குள் வர முடிந்தது. எம்.சி. இராசா ஏற்கெனவே அங்கிருந்தார். அவர் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏற்கப்பட்டிருந்தது. சீனிவாசன் 1923இல் நியமன உறுப்பினரானார்.

மறு ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம் அவையில் நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. அதன் பொருள் எளிமையானது. எந்த வகுப்பினரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே அளவில் பயன்படுத்தலாம். இதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதே அக்காலத்தின் நிலையைச் சொல்லும். அக்கிரகாரத் தெருவும் தேரோடும் வீதியும் நகராட்சிப் பணத்தில் பராமரிக்கப்பட்டும், அவற்றைப் பெருக்குபவர் தவிர வேறு தலித்துகள் நடக்கத் தயங்கிய நாடு இது. தீர்மானம் வந்த மறுநாளே வீதிகள் திறந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அதுவரை ஒருவன் அவ்வழியே நடந்தால் அது துடுக்குத்தனம்; அதன் பின்னர் அவனைத் தடுப்பவன் அரசாணைக்கு எதிராக நிற்பவன்.

இங்கே கோயில் நுழைவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். 1934 பிப்ரவரியில் காந்தி தம் அரிசன யாத்திரையில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்திற்கும் வந்து பேசினார். 1939இல் ராஜாஜி அமைச்சரவை கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வமைச்சரவையில் இருந்த மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்தவர். அச்சட்டமோ கோயிலைத் திறக்க அறங்காவலர்களுக்கு அனுமதி அளித்து, அவ்வாறு திறந்தவர்களுக்குப் பாதுகாப்பும் அளித்தது. உள்ளே நுழைபவருக்கு அது உரிமை எதையும் வழங்கவில்லை. உரிமை என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. லோகசாரங்கரின் தோளுக்கும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையே உள்ள ஒற்றுமை எனக்கு அவ்வப்போது நினைவுக்கு வருவதுண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே சீனிவாசன் வீதிக்கும் கிணற்றுக்கும் கேட்டது அனுமதியன்று.

1930ஆம் ஆண்டைத் திருச்சி மறக்கவில்லை. ஏப்ரல் 13 அன்று மேற்கூறிய ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்ட நிகழ்ச்சி பாடநூலில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் இலண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற தமிழரைப் பற்றி நான் சந்தித்த இளைஞர்களுள் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அங்கே சென்றவர்கள் இருவர்: அம்பேத்கரும், அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த சீனிவாசனும். அரசரைச் சந்திக்கும்போது தாம் தீண்டப்படாதவர் என்பதைக் காட்டும் அடையாளத்தை உடையில் அணிந்து சென்றார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. அதனினும் முக்கியமானது அவ்விருவரும் கூட்டாக அளித்த கோரிக்கை அறிக்கை. சம குடியுரிமை, சட்டமன்றங்களில் போதிய இடங்கள், அரசுப் பணிகளில் பங்கு, தனி வாக்காளர் தொகுதி, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு ஆகியவற்றை அவர்கள் கோரினர்.

தொடர்ந்தது பூனா ஒப்பந்தம். 1932 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தீர்ப்பின்படி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி இடங்கள் 18. காந்தியின் உண்ணாவிரதத்திற்குப் பின் செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் அது கூட்டுத் தொகுதியில் 30 இடங்களாயிற்று. எண்ணிக்கை பெருகியது, தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பறிபோனது. அம்பேத்கர், சீனிவாசன், எம்.சி. இராசா மூவரும் அதில் கையெழுத்திட்டனர். இராசா முன்னரே கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர், மற்ற இருவரும் தனித்தொகுதி கோரியவர்கள். 1935இல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோது, நாம் இந்துக்களே அல்லர், பிறகு எதிலிருந்து மாறுவது என்று கேட்டு சீனிவாசன் அவரிடமிருந்தும் வேறுபட்டார். நம் தலைவர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டதைச் சொல்ல நாம் தயங்குகிறோம். இளைஞர்களோ அந்தப் பகுதியைத்தான் மிகுந்த ஆர்வத்துடன் கேட்டார்கள்.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். தாம் இலண்டனில் கோரிய அனைவருக்குமான வாக்குரிமையோடு நடந்த முதல் பொதுத்தேர்தலை அவர் காணவில்லை. இன்று திருச்சி மாவட்டத்தின் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளுள் துறையூர் மட்டுமே தனித்தொகுதி. பொதுத் தொகுதியில் நம்மவர் நின்று வெல்வது அரிது. 2001 இடைத்தேர்தலில் திருச்சி மக்களவைப் பொதுத் தொகுதியில் தலித் எழில்மலை வென்றதை இன்றும் விதிவிலக்காகவே நினைவுகூர்கிறோம். அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பொதுக் கிணற்றைப் பற்றிய அந்தத் தீர்மானத்திற்கு அப்போது நூறு வயது நிறைய இரண்டாண்டு குறைவு.

இவற்றையெல்லாம் கேட்டபின், குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்ட மாணவி மீண்டும் பேசினார். தம் ஊர்க் கிராம சபையில் தெருவிற்குக் குடிநீர்க் குழாய் அமைக்கத் தீர்மானம் போட்டதாகச் சொல்லிக் கையொப்பம் வாங்கிச் சென்றார்களாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லையாம். பதினெட்டு வயது நிறைந்து அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபையின் உறுப்பினரே என்பதை அப்போது சொன்னேன். அவர் அதற்கு முன் அங்கே சென்றதில்லை; அம்மா மட்டும் நூறு நாள் வேலை அட்டைக்காக ஒருமுறை சென்றிருக்கிறார். தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும் என்றேன். விண்ணப்பத்தை யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டார். பொதுத் தகவல் அலுவலர் என்றேன். தம் கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டு, தனியாகக் கொடுப்பதா, தெருவில் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிக் கொடுப்பதா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விவாதிக்கத் தொடங்கினார்.