நீதி கேட்ட தாய்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1797ஆம் ஆண்டளவில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் இசபெல்லா. டச்சு மொழி மட்டுமே அறிந்த அவர், 9 வயதில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். ஆங்கிலம் புரியாததால் அடிபட்டார்.

1827இல் அம்மாநிலம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும், அவருடைய 5 வயது மகன் பீட்டர், சட்டத்திற்கு மாறாகத் தொலைவிலுள்ள அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். எழுதப் படிக்க அறியாத அத்தாய் கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்தை நாடினார். 1828இல் வழக்கில் வென்று, உடலெங்கும் தழும்புகளோடு திரும்பிய மகனை மீட்டார்.

1843இல் சோஜர்னர் ட்ரூத் எனப் பெயர் பூண்டு, அடிமை முறையை எதிர்த்து ஊர்தோறும் முழங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற மக்களுக்குத் தொண்டாற்றி 1883இல் மறைந்தார். ஏட்டிலுள்ள உரிமை, துணிந்து கேட்பவராலேயே உயிர்பெறுகிறது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.